அந்தக் கமெண்டை நான் எடுக்க மாட்டேன்

சாமி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராசிபுரத்தில் பெங்களூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ ஒன்று கேட்டாய். ஊருக்குப் போகிற பிள்ளையிடம் சண்டை பிடித்து அனுப்பக் கூடாது என்று நான் வாயைத் திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாய். சம்மதம் இல்லை. நீ வேலை பார்க்கும் இணைய இதழில், அந்தப் புது ஹெட்போனைப் பற்றி நீ எழுதிய விமர்சனத்துக்குக் கீழே நான் போட்ட கமெண்டை எடுக்க மாட்டேன். உன் அப்பா சொன்னாலும் எடுக்க மாட்டேன், உன் ஆசிரியர் நேரில் வந்து நம் வாசலில் நின்றாலும் எடுக்க மாட்டேன். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் ரகசியமாக அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் என் காதைப் பற்றி நீ நாலு பேர் பார்க்கும்படி எழுதினாய். என் பதிலையும் நாலு பேர் பார்க்கட்டும்.

எனக்கு பேஸ் பிடிக்கும். பாட்டுக்கு அடியில் திம் திம்மென்று நின்று நெஞ்சுக்கூட்டைத் தொடுகிற அந்தச் சத்தம் இல்லையென்றால் எனக்குப் பாட்டே இல்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அம்மன் நோம்பிக்குப் பம்பை அடிக்கும்போது முன்வரிசையில் நிற்கிறவள் நான். கல்யாணமாகி இந்தப் பண்ணைக்கு வந்த புதிதில், கோழிகள் பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இருக்க ஷெட்டில் நாள் முழுக்க ரேடியோ ஓடும். அது கோழிகளின் ரேடியோ. கீச்சுக் குரல்தான் வரும். என் பாட்டு முட்டை வேனில் இருந்தது. உன் அப்பா ஆசைப்பட்டு சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பேஸ் பெட்டி வைத்திருந்தார். மத்தியானம் வேன் சேலத்திலிருந்து திரும்பி வந்து நின்றதும் நான் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வேன். நீ வயிற்றில் இருந்தபோதும் அந்த சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். உனக்கு இந்தப் பைத்தியம் யாரிடமிருந்து வந்தது என்று உன் நண்பர்கள் கேட்டால் மறைக்காமல் சொல்.

பைத்தியம் என்னிடமிருந்து வந்தது. அச்சில் வந்ததை அப்படியே நம்பும் குணம் எங்கிருந்து வந்தது என்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீ பத்தாம் வகுப்புப் படிக்கும்போது சேலத்துக் கடையில் ஒரு ஒலி சம்பந்தமான பத்திரிகை வாங்கி வந்தாய். முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டினால் அறை ஸ்டூடியோ மாதிரி ஆகிவிடும், பேஸ் சுத்தமாகிவிடும் என்று அதில் போட்டிருந்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் அட்டைக்கு அலைந்து, பாதியிலேயே சலித்து விட்டிருப்பார்கள். நம் வீட்டில் அட்டைக்கா பஞ்சம்? ஷெட்டின் மூலையில் அடுக்கியிருந்த பழைய அட்டைகளை, எச்சமும் உடைந்த முட்டையும் காய்ந்து ஒட்டியிருந்தவற்றை, ஆளில்லாத நேரம் பார்த்து அள்ளி வந்து தரையிலிருந்து கூரைவரை ஒட்டிவிட்டாய். அப்பா கதவைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏஞ்சாமி, ஊட்டுக்குள்ளயே ஒரு ஷெட்டு போட்டுட்டயா? கோழி எப்பொ எறக்கறது?" என்றார். அடுத்த நாள் கோழிப்பேன் வீடு முழுக்கப் பரவியது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்த உறம்பரைச் சொந்தங்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு முதுகைச் சொறிந்துகொண்டே கிளம்பினார்கள். அப்போதும் நீ என்னை அந்த அறைக்குள் கூட்டிப்போய்ப் பாட்டை வைத்தாய். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றேன். நீ இரண்டு கைகளையும் மாறி மாறிச் சொறிந்துகொண்டு, "இல்லீங்கம்மா, நல்லாக் கேளுங்க. பேஸு எவ்வளவு டைட்டா இருக்குது பாருங்க" என்றாய். உடம்பெல்லாம் தடித்துப்போயிருந்தும் பத்திரிகைதான் சரி என்றாய். அன்றைக்குச் சிரித்தேன். இப்போது நீயே அந்த மாதிரிப் பத்திரிகையில் எழுதுகிறாய் என்பதால் அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

கோழிப்பண்ணை வைத்திருக்கிற நமக்கு, அச்சில் வருவது ஒன்று கைக்கு வருவது ஒன்று என்பது புதிய சங்கதி இல்லை. தினமும் முட்டைக்கு ஒரு விலை அறிவிக்கிறார்கள். பேப்பரில் வருகிறது, டீக்கடையில் பேசுகிறார்கள். வியாபாரி வந்து நின்றால், அந்த விலையில் 'மைனஸ்' என்று அவர் கழிப்பது போகத்தான் கைக்கு வரும். அதற்காகப் பேப்பரைப் பொய் என்று நாம் சொல்வதில்லை, அதை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாறுவதும் இல்லை. அது அறிவித்த விலை, நம் விலை வேறு, அவ்வளவுதான். நீங்கள் கொடுக்கும் நட்சத்திரங்களும் அப்படித்தான். அதை மாட்டிக் கேட்கிற ஒவ்வொரு தலைக்கும் ஒரு மைனஸ் இருக்கிறது. அதைக் கழித்துக்கொள்ள வேண்டியது வாங்குகிறவர் என்று நீ சொல்லலாம். கழித்துக்கொள்ள வேண்டும் என்றாவது எழுதுகிறவர் சொல்ல வேண்டாமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஹெட்போனுக்கு நீ அள்ளிக் கொடுத்திருந்தாய். "இறுக்கமான, வேகமான, அடுக்கடுக்கான பேஸ்" என்று எழுதியிருந்தாய். பேஸ் என்ன ஈரோடு பஸ்ஸா வேகமாகப் போவதற்கு என்று நினைத்தாலும், எழுதியது என் பிள்ளையாயிற்றே என்று உன்னிடம்கூடச் சொல்லாமல் வாங்கினேன். முட்டை தரம் பிரிக்கும் மேஜையில் உட்கார்ந்து, எனக்கு மனப்பாடமான ஒரு பம்பைப் பாட்டைப் போட்டேன். பாடுகிறவர் குரல் தெளிவாக இருந்தது. சலங்கை தெளிவாக இருந்தது. பம்பை மட்டும் பக்கத்து ஊரில் அடிப்பது மாதிரி இருந்தது. ஒரு வாரம் கேட்டுப் பார்த்தேன். பிறகுதான் கமெண்ட் போட்டேன்: "இதில் பேஸே இல்லை. எழுதியவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறான், இல்லாவிட்டால் கம்பெனிக்காரன் சொன்னதைக் காப்பியடித்திருக்கிறான். யாரும் ஏமாறாதீர்கள். இப்படிக்கு, எழுதியவனின் அம்மா."

கடைசி வரியை விளையாட்டாகத்தான் போட்டேன். அதை எடுத்து ஊர் முழுக்கப் பரப்பிச் சிரிப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் அலுவலகத்தில் உன்னைக் கேலி செய்தார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். அதற்காக வருத்தப்படுகிறேன். ஆனால் நீ என்ன செய்தாய்? எனக்கு ஒரு போன் போட்டு "ஏனுங்கம்மா இப்படி" என்று கேட்காமல், அதே இடத்தில் பெரிய மனிதன் மாதிரிப் பதில் எழுதினாய்: "சில மூத்த வாசகர்களுக்கு வயது காரணமாகக் கேட்கும் திறன் குறைந்திருக்கலாம்." மூத்த வாசகர்! அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற சத்தம்தான், பேஸ் பெரும்பாலும் தங்கிவிடும் என்று நீயே முன்பு ஒரு கட்டுரை எழுதியிருந்தாய். அதை நான் இரண்டு தடவை படித்திருக்கிறேன். சலங்கை கேட்கிறது, பம்பை கேட்கவில்லை என்கிறவளுக்கு வயது எப்படிக் காரணமாகும்? நீ எழுதியதை நான் நினைவு வைத்திருக்கிறேன். நீதான் அம்மாவை மட்டம் தட்டும் அவசரத்தில் மறந்துவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்ததே அதைப் பேசித் தீர்க்கத்தான். சாப்பிட்டு முடித்ததும் வழக்குக்குத் தீர்ப்பு சொல்வது மாதிரி அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார். "ரெண்டு பேரும் வாயாலயே பாட்டுக் கேக்கறீங்க. கண்ணக் கட்டிப்போட்டுக் கேளுங்க, எது எதுன்னு தெரியாம இருக்கட்டும்" என்றார். எனக்கு முதலில், காதில் படாமல் மேலே ஏற்றிக் கட்டினார். துண்டு கட்டக் கண்ணாடி இடைஞ்சலாக இருந்தது. கழற்றி மேஜையில் வைத்தேன். மூன்று ஹெட்போன்களை மாற்றி மாற்றி மாட்டினார் அப்பா: உன் விமர்சனத்துப் புதுசு, நீ ஆபீஸிலிருந்து கொண்டுவந்தது, சேலத்தில் வாங்கிய என் பழசு. முதலாவதில் பம்பை வந்தது. இரண்டாவதில் அதைவிட நன்றாக, தோலில் குச்சி விழுவதும் தோல் அதிர்ந்து அடங்குவதும் தனித்தனியாக வந்தது. மூன்றாவது கொழகொழவென்று இருந்தது. "ரெண்டாவதுதாங்க. சந்தேகமே இல்லீங்க" என்றேன். பிறகு நீ சிரித்த சிரிப்பில்தான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளாக நான் திட்டித் தீர்த்த புது ஹெட்போனைத்தான் எல்லாவற்றிலும் உசத்தி என்று சொல்லியிருக்கிறேன். கொழகொழ என்றது என் சொந்தப் பழசை.

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. துண்டை அவிழ்த்தேன், பாட்டு ஓடிக்கொண்டே இருக்க அந்தப் புதுசைக் கேட்டு வாங்கி மாட்டினேன். வந்தது. சரி, தோற்றோம் என்று நினைத்து, உங்கள் முகத்தைப் பார்க்கலாமென்று கண்ணாடியை எடுத்துப் போட்டேன். அவ்வளவுதான், பம்பை பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. "அட, மறுக்காப் போயிருச்சுங்க!" என்று கத்தினேன். அப்பாதான் சொன்னார்: "அம்மிணி, கண்ணாடியக் கழட்டிப்போட்டுக் கேளு பாக்கலாம்." கழற்றினேன், வந்தது. போட்டேன், போனது. நீ குனிந்து என் காதருகே விரலை விட்டுப் பார்த்தாய். தடித்த கண்ணாடிக் கம்பி ஹெட்போனின் மெல்லிய காது மெத்தையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இடுக்கு வழியாகத்தான் பேஸ் முழுவதும் வெளியே போயிருக்கிறது. என் பழசில் மெத்தை புசுபுசுவென்று கம்பியையும் சேர்த்து மூடிக்கொள்ளும். அதனால்தான் எனக்கு அது உயர்வாகப் பட்டிருக்கிறது.

அந்த நிமிடம் நாம் மூவரும் சந்தோஷமாக இருந்தோம் சாமி. உன் காதும் கெடவில்லை, என் காதும் கெடவில்லை. நீ பொய் எழுதவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. அதோடு விட்டிருக்கலாம். நீதான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பாத்தீங்களாம்மா? ஹெட்போன்ல ஒண்ணும் தப்பில்லீங்க. உங்க கண்ணாடியிலதானுங்க தப்பு. கேக்கும்போது கழட்டி வெச்சுக்கோங்க" என்றாய். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "கண்ணாடியில தப்பா? கழட்டிப்போட்டு எந்தக் கண்ணுல நான் கீறல் முட்டையப் பாக்கறது? நீ வந்து பாத்துத் தருவயா?" என்றேன். நான் சும்மா சாய்ந்து படுத்துக்கொண்டு பாட்டுக் கேட்கிறவள் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே கேட்கிறவள். கண்ணாடி என் முகத்தோடு சேர்ந்தது. இந்த நாட்டில் கண்ணாடி போட்டவர்கள் எத்தனை பேர்? அவர்கள் தலையெல்லாம் தப்பான தலையா? "துண்டு உனக்கும் கட்டலாம், வா" என்றதற்கு, "எனக்கெதுக்குங்கம்மா, நான் தெனமும் கேக்கறவன்" என்று நழுவிவிட்டாய். அதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

உன்னைக் குறை மட்டுமே சொல்ல மாட்டேன். அப்புறம் நீயே தணிந்து, "ஒரு வரி சேத்தீர்றேன். கண்ணாடி போடறவங்க கடையில மாட்டிப் பாத்துட்டு வாங்கோணும்னு" என்றாயே, அப்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் பிள்ளை என்று நினைத்தேன். நீ தீவனக் கிடங்குப் பக்கம் போய் நின்று உன் ஆசிரியருக்குப் போன் போட்டாய். திரும்பி வந்து அவர் பேச்சை அப்படியே ஒப்பித்தாய். இதழின் தீபாவளி விளம்பரம் அந்த ஹெட்போன் கம்பெனியுடையது. குறை சொல்லும் வரி எதுவும் வரக் கூடாது. போதாததற்கு, இதழே அழித்தால் பேச்சு வரும், உன் அம்மா கமெண்டை அவளையே எடுக்கச் சொல். இதுதான் அவர் சொன்னது. "எனக்கு இன்னும் வேலை நெரந்தரம் ஆகலீங்கம்மா. நீங்களே எடுத்துட்டா யாருக்கும் பொல்லாப்பு இல்லீங்க" என்றாய். பஸ் ஸ்டாண்டில் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டாய்.

உன் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கு மட்டும் இல்லையா? இருக்கிறது. இரண்டு நாளாக மேஜையில் உட்கார்ந்தால் கை வேலை செய்கிறது, மனம் உன்னிடம் இருக்கிறது. அந்த வேலைக்கு நீ எவ்வளவு ஏங்கினாய் என்று எனக்குத் தெரியும். எடுத்துவிடலாம் என்று போனைக் கையில் எடுக்கவும் செய்தேன். அப்போதுதான் என் கமெண்டுக்குக் கீழே ஆத்தூர்க்காரர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அவரும் உன் விமர்சனத்தை நம்பி வாங்கியிருக்கிறார். பேஸ் வரவில்லை. எல்லோரும் புகழ்கிற பொருளில் தனக்கு மட்டும் கேட்கவில்லையே, மூத்த வாசகர்களுக்குக் காது மந்தம் என்று வேறு போட்டிருக்கிறதே என்று பயந்து, காது டாக்டரிடம் நாள் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தார். வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். "கண்ணாடி போடுவீங்களா? போட்டா, கழட்டிட்டுக் கேட்டுப் பாருங்க" என்று எழுதினேன். காலையில் பதில் வந்திருந்தது: "வந்துடுச்சும்மா. ரொம்ப நன்றிம்மா. ஒரு மாசமா நிம்மதியே இல்ல."

இப்போது சொல். என் கமெண்டை எடுத்தால் அதற்குக் கீழே இருக்கும் அவருடைய பயமும் நிம்மதியும் சேர்ந்து போய்விடும். அடுத்து வாங்குகிற கண்ணாடிக்காரர் எங்கே போய்த் தெரிந்துகொள்வார்? அவரும் தன் காது போய்விட்டது என்று யாருக்கும் தெரியாமல் அழ வேண்டுமா? ஒரு தவறை நான் சரி செய்கிறேன். காதில் பஞ்சு என்றும் காப்பியடித்தான் என்றும் எழுதியது அபாண்டம். அந்த இரண்டையும் எடுத்துவிட்டேன், அந்த இடத்தில் துண்டு கட்டியதையும் நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதினேன். "கண்ணாடி கழற்றினால் இது அருமையான பேஸ், போட்டால் ஒன்றுமே இல்லை" என்று சேர்த்திருக்கிறேன். இதைவிட நியாயமாக எந்தப் பத்திரிகையும் எழுதிவிடாது. உன் பெயரால் வரவேண்டிய வரி அது. நீ எழுதினால் என்னுடையதைப் பற்றி நாம் பேசலாம்.

எவ்வளவு பெரிய இடத்தில் எழுதினாலும், உன் எழுத்தை நம்பி ஒருவர் தன் காதைச் சந்தேகப்படும்படி மட்டும் வைக்காதே. நீயே ஒரு நாள் வேறு யாராவது எழுதியதை நம்பி உன் காதைச் சந்தேகப்படவும் செய்யாதே. முன்னதைச் செய்கிறவனுக்குப் பின்னது வந்தே தீரும். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும் என்று நான் லேசாகச் சொல்ல மாட்டேன். கிடைப்பது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்த ஒரு வரிக்காகப் போய்விடக்கூடிய வேலை, போகாமல் நின்றாலும் அடுத்த வரிக்காகவும் உன்னை இப்படித்தான் தீவனக் கிடங்குப் பக்கம் நிற்க வைக்கும்.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, அந்த ஆத்தூர்க்காரர் வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பக்கத்தைத் திறந்தேன். என் கமெண்ட் இல்லை. அவருடையதும் இல்லை. உன் விமர்சனமும் நட்சத்திரங்களும் மட்டும் அப்படியே இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் அடுத்தவர் கமெண்டை அழிக்கும் வசதி ஆசிரியருக்கும் விமர்சனம் எழுதியவருக்கும் மட்டும்தான் உண்டு என்று நீதான் முன்பு சொல்லியிருக்கிறாய். அழித்தது நீயா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ பொய் சொல்லவேண்டி வரலாம், என் பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. என் கமெண்டோடு ஆத்தூர்க்காரர் எழுதியதையும் நினைவில் இருந்தவரை சேர்த்து மறுபடியும் போட்டுவிட்டேன், இந்தக் கடிதத்தையும் அதற்குக் கீழேயே போடுகிறேன். இதையும் அழிக்கவேண்டும் என்றால் நீயே அழி, வேறு யார் கையிலும் அந்த வேலையைக் கொடுக்காதே. அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை முழுக்கப் படி. நீ அழிக்க அழிக்க நான் போடுவேன்.